காலி செய்துவிட்டா, இயங்கிக்கொண்டேவா? பழைய நிறுவனக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம், நூலகம் என எதுவானாலும், ஐம்பது அறுபது ஆண்டு தாண்டிய கட்டடத்தைப் புதுப்பிக்க உட்காரும் குழு டைல்ஸ், முகப்பு, நிதி ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசும். வேலை நடக்கும்போது உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். ஆனால் செலவு, காலம், ஒப்பந்த முறை, விபத்து வாய்ப்பு எல்லாமே அந்த ஒரு பதிலைப் பொறுத்தே அமைகின்றன. நகர நடுவில் இருக்கும் கட்டடம் என்றால் சிக்கல் கூடும். பொருள் இறக்க இடம் இராது, சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும், பக்கத்துச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

வழிகள் நான்கு. முழுக் கட்டடத்தையும் காலி செய்து ஒரே மூச்சில் முடிப்பது. இயங்கிக்கொண்டே பகுதி பகுதியாகச் செய்வது. விடுமுறைக் காலங்களில் மட்டும் செய்வது. நான்காவது, கட்டடத்தின் கால் பங்கு ஆட்களைக் கொள்ளும் அளவுக்கு ஒரு மாற்று இடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் முழுதாகக் காலி செய்து சுழற்றுவது. பல குழுக்கள் இரண்டாவதும் நான்காவதும் ஒன்று என்று நினைக்கின்றன. பக்கத்து அறையில் வேலை நடக்க இந்த அறையில் அலுவலகம் நடப்பது இரண்டாவது. வேலை நடக்கும் பகுதியில் ஒரு நாற்காலிகூட இல்லாமல் அதை முழுதாகப் பூட்டி ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது நான்காவது. பெரும்பாலான கட்டடங்களுக்குப் பொருந்துவது அந்த நான்காவதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

முடிவுக்கு முன் திறந்து பார்க்க வேண்டியவை

பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. வரைபடத்தை நம்ப வேண்டாம். பழைய கட்டடத்தின் வரைபடம் கட்டத் திட்டமிட்டதைக் காட்டும், கட்டியதைக் காட்டாது, அதன் பிறகு ஐம்பது ஆண்டு பிளம்பர்கள் செய்ததை நிச்சயம் காட்டாது. டெண்டருக்கு முன்பே ஒரு சிறிய தனி ஒப்பந்தம் போட்டு, சீலிங்கையும் பூச்சையும் தரையையும் திறந்து பார்க்க வேண்டும். கண்ட இடத்தில் திறப்பதால் பயனில்லை. கழிவறைகளுக்கு நேர் கீழே, மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில், உத்திரத்தின் முனை வெளிச்சுவருக்குள் நுழையும் இடத்தில் திறக்க வேண்டும். நீர் போகும் இடத்தில்தான் கேடும் இருக்கும்.

முதலில் தேட வேண்டியது ஆஸ்பெஸ்டாஸ். கூரைத் தகட்டில் அது சிமென்டோடு இறுகிக் கிடக்கும், உடைக்காதவரை பெரிய ஆபத்தில்லை. பாய்லர், வெந்நீர்க் குழாய்களின் மேல் சுற்றிய காப்புப் பூச்சில் இருப்பதுதான் கொடியது, விரலால் தேய்த்தாலே தூளாகும். பழைய வினைல் தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும்கூட இருக்கலாம். தூளாகும் வகை சீலிங்குக்கு மேலே கட்டடம் முழுக்க ஓடுகிறது என்று ஆய்வகம் சொன்னால் விவாதம் முடிந்தது. முழுதாகக் காலி செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தடுப்புக்கு ஒரு பக்கம் அதை அகற்றிக்கொண்டு மறுபக்கம் ஆட்களை உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அடுத்தது தளங்கள். கான்கிரீட் என்றால், புதிதாக உடைத்த முகத்தில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. கம்பி துருப்பிடிக்கிறதா என்பதை மின்னழுத்தத்தை அளந்து அறியும் அரைமின்கலச் சோதனையில், செம்பு–செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. துரு, அது உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் சிலாப்பின் அடிப்பூச்சு பிளந்து விழுகிறது. கான்கிரீட்டில் மோதித் திரும்பும் துள்ளலை அளக்கும் ரீபவுண்ட் சுத்தியலின் எண்ணை மட்டும் வைத்து வலிமையை முடிவு செய்யக் கூடாது. பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு கார்பனேட் ஆகி இறுகியிருப்பதால் அது கூடுதலாகக் காட்டும். சந்தேகமான இடங்களில் துளையிட்டு உருளை மாதிரி (கோர்) எடுத்தே ஆக வேண்டும். இரும்புத் தூலங்களுக்கு இடையே செங்கல் வளைவு வைத்த தளமானால், சுவருக்குள் புதைந்த தூல முனைகளைத் திறந்து பார்க்க வேண்டும். நடுவில் பளபளவென்று இருக்கும் தூலம் முனையில் பாதி கரைந்திருக்கலாம்.

சிலாப் பழுது இட அமைப்பைப் பாதிக்கும் விதத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சிலாப்பைச் சரிசெய்ய அதன் மேலுள்ள பாரத்தை இறக்க வேண்டும், கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். ஆக ஒரு சிலாப் பழுது இரண்டு தளங்களைக் காலி செய்கிறது. கீழ்த் தளம் அந்த முட்டின் பாரத்தைத் தாங்காது என்றால், முட்டு அதற்கும் கீழே தரைவரை இறங்கும். மூன்றாம் மாடிச் சிலாப்புக்காகத் தரைத்தள வரவேற்பறையில் ஜாக்கிகள் நிற்கும்.

தளம் தளமாகவா, நெடுக்காகவா?

நான்காவது வழிக்கான நிபந்தனை இங்கே வருகிறது. பகுதிகளைப் பிரிக்கும் கோடு நெடுக்காக, மேலிருந்து கீழாக விழ வேண்டும். ‘இந்த ஆண்டு மூன்றாம் மாடி, அடுத்த ஆண்டு இரண்டாம் மாடி’ என்று பிரிப்பது நிர்வாகத்துக்கு எளிது, ஏனென்றால் துறைகள் மாடி வாரியாக உட்கார்ந்திருக்கின்றன. கட்டடம் அப்படி இல்லை. கழிவுக் குழாய், குடிநீர்க் குழாய், மின்சார மெயின் கேபிள், மழைநீர்க் குழாய், லிஃப்ட் எல்லாமே செங்குத்தாகப் போகின்றன. முட்டும் அப்படித்தான்.

நான்கு மாடிக் கட்டடத்தில் மாடி மாடியாகக் கழிவறைகளை மாற்றினால், ஒரே கழிவுக் குழாயை நான்கு முறை வெட்டி, நான்கு முறை பழையதோடு புதியதைச் சேர்க்க வேண்டும். பழைய வார்ப்பிரும்புக் குழாயின் மூட்டுகள் ஈயம் அடித்து அடைத்தவை. மேலே வெட்டும் அதிர்வில் கீழ் மூட்டு தளரும். வேலை முடிந்த மாடியில் எல்லாம் சரியாக இருக்க, கீழ் மாடியில் கசியும். இப்போதைக்கு என்று போட்ட இணைப்புகள் அடுத்த கட்டத்துக்கு நிதி வராவிட்டால் பத்து ஆண்டு அப்படியே கிடக்கும். நெடுக்காகப் பிரித்தால் ஒரு குழாய் வரிசைக்கு ஒரே ஒரு துண்டிப்பு, மேலிருந்து கீழ்வரை புதியது.

மின்சாரத்திலும் இதே கதைதான். ரப்பர் உறை போட்ட பழைய கம்பிகளைச் சற்று அசைத்தால் உறை உதிர்ந்துவிடும். பாதி பழையது, பாதி புதியது என்று ஒரே மெயினில் ஓட விட்டால், புதிய பாதுகாப்புச் சாதனங்கள் பழைய பகுதியின் கசிவுக்கு ஓயாமல் ட்ரிப் ஆகும். எரிச்சலில் யாராவது அந்தப் பாதுகாப்பையே கழற்றிவிடுவார்கள். இது தவறாமல் நடப்பது.

நெடுக்குப் பிரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் வாய்க்காது. ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் படிக்கட்டு வேண்டும், இயங்கும் பகுதியிலிருந்து அவசரத்தில் வெளியேற இரண்டு வழி மிஞ்ச வேண்டும். நடுவில் ஒரே படிக்கட்டும் இருபுறமும் நீளத் தாழ்வாரமும் உள்ள கட்டடத்தை அப்படிப் பிரிக்க முடியாது. அங்கே கையாளக்கூடிய உத்தி ஒன்று: பின்புற வெளிச்சுவரை ஒட்டி, குழாய்க்கும் கேபிளுக்குமான புதிய செங்குத்துக் கூண்டை (ஷாஃப்ட்) முதலில் கீழிருந்து மேல்வரை கட்டி முடிப்பது. பிறகு ஒவ்வொரு மாடியையும் பழைய வழியிலிருந்து கழற்றிப் புதியதில் இணைப்பது. கடைசி மாடியும் மாறிய பிறகு பழையதைச் செயலிழக்கச் செய்வது. இதில் மாடி மாடியாகப் போனாலும் ஒட்டுப்போடும் வேலை இல்லை. பழமைச் சிறப்புள்ள கட்டடத்தின் பின்புறத்தில்கூட இதற்கு அனுமதி கேட்க வேண்டிவரலாம், அதனால் இந்தப் பேச்சை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

சுவருக்குள் கம்பி, குழாய் புதைக்கக் காடி வெட்டும்போது, நெடுக்கு வெட்டு சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடை வெட்டு ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. கிடையாக நீளமாக வெட்டுவது பாரம் தாங்கும் சுவரை இரண்டாக அறுப்பதற்குச் சமம். எலக்ட்ரீஷியனுக்கு இதை வரைபடத்தில் குறித்துக் கொடுக்காவிட்டால், மிகக் குறுகிய வழியில் கிடையாகத்தான் வெட்டுவார்.

காலக் கணக்கு

இயங்கிக்கொண்டே செய்தால் இடமாற்றச் செலவு மிச்சம் என்பார்கள். அந்த மிச்சம் எங்கே கரைகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தூசித் தடுப்பு எழுப்புவது, தற்காலிக மின்சாரம், தற்காலிகக் கழிவறை, பொருள் ஏற்றும் வழி, ஆட்களை நகர்த்துவது ஆகியவற்றுக்கு மூன்று வாரம் என்று வையுங்கள். முடிவில் சோதனை, சுத்தம், ஒப்படைப்புக்கு இரண்டு வாரம். ஆறு கட்டம் என்றால் 30 வாரம், ஒரு செங்கல்கூட நகராமல் போகிறது. பகல் நேரத்தில் உடைக்கக் கூடாது என்ற தடையும் சேர்ந்தால், உடைப்பு வேலைக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகும். ஒப்பந்தக்காரரின் தள அலுவலகம், மேற்பார்வை, சாரம் வாடகை எல்லாம் அத்தனை மாதமும் ஓடும்.

லண்டனில் நாடாளுமன்றம் இயங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்கு 2015-இல் வெளியான சார்பற்ற மதிப்பீடு இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. முழுதாகக் காலி செய்தால் சுமார் 6 ஆண்டு, 350 கோடி பவுண்டு. ஓர் அவை மாறி ஓர் அவை என்று பகுதியாகக் காலி செய்தால் சுமார் 11 ஆண்டு, 390 கோடிக்கு மேல். யாரும் வெளியேறாமல் உருட்டிக்கொண்டே போனால் சுமார் 32 ஆண்டு, 570 கோடி. அங்கேயும் அடிப்படைச் சிக்கல் செங்குத்து வழிகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்றோட்டத்துக்காகக் கட்டிய குழல்களில் பின்னாளில் கேபிளும் பைப்பும் அடைந்துகிடக்க, அவையே தீ மேலேறும் பாதையாகவும் ஆகிவிட்டன. 2018 ஜனவரியில் மக்களவை முழுக் காலிக்கு ஆதரவாக வாக்களித்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் யாரும் இடம் மாறவில்லை என்பது இந்த வழியின் பலவீனத்தையும் சேர்த்துக் காட்டுகிறது: காலி செய்யும் முடிவை எடுப்பது ஒன்று, காலி செய்வது வேறொன்று. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தின் 39 மாடிச் செயலகத்தையும் முதலில் கட்டம் கட்டமாகச் செய்யத்தான் திட்டமிட்டார்கள். பிறகு ஊழியர்களை வாடகை அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டு, முழுக் கோபுரத்தையும் ஒரே கட்டமாக முடித்தார்கள்.

விடுமுறையில் மட்டும் என்றால்

கல்வி நிறுவனங்கள் விரும்பும் வழி இது. எட்டு வார விடுமுறையில் காலி செய்ய ஒரு வாரம், திரும்ப அமைக்க ஒரு வாரம் போனால் மிஞ்சுவது ஆறு வாரம். ஈர வேலைகளுக்கு அது போதாது. தரையில் போடும் சிமென்ட் மட்டப்பூச்சு நல்ல சூழலில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் உலரும். 50 மில்லிமீட்டர் போட்டால் ஏறத்தாழ 50 நாள். அதற்கு முன்பே மேலே வினைல் ஒட்டினால் ஓரங்கள் எழும்பும், பசை கெடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லத்தான் இறுகும், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காத்திருக்க வேண்டும். அவசரத்தில் சிமென்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்போடு மேலேறி, பூச்சு விளிம்புக்கு மேலே பொரிந்து விழும்.

மெயின் போர்டு மாற்றுவது, மேல்தள நீர்க்காப்பு, ஜன்னல்கள், ஒரு கழிவறை வரிசை ஆகியவற்றுக்கு விடுமுறை மிக நல்லது. மொத்தப் புதுப்பிப்புக்கு அல்ல.

தீ

2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ரதாம், 2018 ஜூனில் கிளாஸ்கோ கலைப் பள்ளி, 2024 ஏப்ரலில் கோபன்ஹேகன் பழைய பங்குச்சந்தை. மூன்றும் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோது எரிந்தவை. ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் தீக்கு மிக நெருக்கமாக இருப்பது அதைச் சரிசெய்யும்போதுதான். தீத்தடுப்புக் கதவுகள் கழற்றப்பட்டிருக்கும், குழாய்க்காகத் தளங்களில் ஓட்டைகள் திறந்திருக்கும், தூசி தவறான எச்சரிக்கை கொடுக்கிறதென்று புகை உணரிகளுக்கு மூடி போட்டிருப்பார்கள்.

முழுதாகக் காலியான கட்டடத்தில் உயிர் ஆபத்து குறைவு, ஆனால் இரவில் பார்க்க ஆளில்லை. இயங்கும் கட்டடத்தில் பார்க்க ஆளுண்டு, ஆனால் தப்பிக்க வேண்டியவர்களும் அவர்களே. சுழற்சி வழியில் இரண்டு ஆபத்தும் உண்டு என்பதால், பகுதிகளைப் பிரிக்கும் கோடு தீத்தடுப்புச் சுவரோடு ஒன்ற வேண்டும். பிளைவுட் தடுப்பு தூசிக்குத்தான் ஆகும், தீக்கு ஆகாது. வெல்டிங், வெட்டும் சுடர், நீர்க்காப்புத் தார் விரிப்பை உருக்கி ஒட்டுவது எதற்கும் அன்றன்றைக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரம் ஓர் ஆள் தண்ணீரும் அணைப்பானுமாக அங்கேயே நிற்க வேண்டும். அதற்கு ஏற்றபடி சுடர் வேலையை மாலைப் பணி முடிவுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை உணரி மூடிகளை எண்ணிக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்க வேண்டும். மர வேலைப்பாடு மிகுந்த மேற்கூரை என்றால் சுடர் வேலையையே தடை செய்து, திருகு இணைப்புக்கும் குளிர்ப் பசைக்கும் மாறிவிடுவது மேல்.

ஒப்பந்தமும் காலியும்

முழுதாகக் காலி செய்த கட்டடத்துக்கு மொத்தத் தொகை ஒப்பந்தம் ஓரளவு ஒத்துவரும், திறந்து பார்க்கும் வேலையை நன்றாகச் செய்திருந்தால். மற்ற வழிகளில் இனவாரி விலை ஒப்பந்தமே பாதுகாப்பு. சதுர மீட்டர் பூச்சு உடைப்பு, கம்பிக்குப் பின்னால் கான்கிரீட் அகற்றுதல், தூல முனை மாற்றுதல் என ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விலை வாங்கி வைத்தால், அளவு இரட்டிப்பானாலும் பேரம் பேசும் நிலை வராது. எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடு என்று புதுக் கட்டடக் கணக்கில் ஒதுக்குவது இங்கே எடுபடாது. திறந்து பார்த்த கட்டடத்துக்கு 15, பார்க்காததற்கு 25 ஒதுக்கினால் தூக்கம் வரும்.

சுழற்சி வழியில் தாமதத்தின் பெரும் பங்கு ஒப்பந்தக்காரரால் வருவதில்லை. அடுத்த பகுதியை நிர்வாகம் குறித்த நாளில் காலி செய்து கொடுக்காததால் வருகிறது. தேர்வு, தணிக்கை, ஒரு துறைத்தலைவரின் பிடிவாதம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். ஆட்களும் சாரமும் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தக்காரர் பணம் கேட்பார், கிடைக்கும். அதனால் ஒவ்வொரு பகுதியின் ஒப்படைப்பு நாளுக்கும் பொறுப்பான ஒரு நிர்வாக அதிகாரியின் பெயர் கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும், இரண்டு கட்டங்களுக்கு நடுவே இரண்டு வார இடைவெளியும் வேண்டும்.

முழுக் காலிக்கு வேறு நோய் உண்டு. காலிக் கட்டடத்தைக் கண்டால் எல்லோருக்கும் ஆசை வரும். ‘இதோடு இதையும்’ என்று அரங்கம், மாடித் தோட்டம், புது நுழைவாயில் எல்லாம் சேரும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2003-இல் மூடி 2008-இல் திறக்கத் திட்டமிட்டது, திறந்தது 2013 ஏப்ரலில். கட்டடத்தின் நடுவே போகும் சைக்கிள் பாதையைப் பற்றிய சர்ச்சையும் நிறையக் காலத்தை விழுங்கியது. ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள்: ஒரு பக்கப் பகுதியை மட்டும் திறந்து வைத்து, முக்கியமான ஓவியங்களை அங்கே காட்டினார்கள். நிறுவனத்தின் முகம் பத்தாண்டு மறையாமல் இருந்தது.

மாற்று இடம் பார்க்கும்போது சதுர அடியோடு நின்றுவிடக் கூடாது, தளத்தின் தாங்குதிறனும் முக்கியம். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ சுமைக்கு வடிவமைத்தது. நெருக்கமாக அடுக்கிய கோப்பு அலமாரி 600-ஐ எளிதில் தாண்டும், தண்டவாளத்தில் நகரும் அடுக்கு 1000-ஐ. ஆவணங்களைத் தரைத்தளத்துக்கோ தனிக் கிடங்குக்கோ அனுப்புவதே சரி. அதற்கு முன் ஒரு முறை கழித்துக்கட்டினால் லாரிகள் கணிசமாகக் குறையும்.

காலியாகக் கிடக்கும் பகுதியின் குழாய்களில் தண்ணீர் தேங்கி, வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா கிருமி வளரும். ஒவ்வொரு குழாயையும் வாரம் ஒருமுறை சில நிமிடம் திறந்து ஓட விட்டு, தேதியோடு பதிவேட்டில் எழுத வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதிக்கான இணைப்பையே பிரதான குழாயில் துண்டித்து, முனையை அங்கேயே அடைத்துவிட வேண்டும். தூரத்தில் அடைத்து, தண்ணீர் ஓடாமல் தேங்கும் நீளமான செத்த முனையை விட்டுவைத்தால், அது இயங்கும் பகுதியின் குடிநீருக்கே விஷம் கலக்கும். ஆட்கள் திரும்பும் வாரத்தில் தொட்டியும் குழாய்களும் குளோரின் இட்டுக் கழுவப்பட்டு, நீர்ச் சோதனை முடிவு கைக்கு வந்த பிறகே சாவி மாற வேண்டும்.